அப்பாவுக்கு ஒரு கேமரா, அம்மாவுக்கு ஒரு லென்ஸ்

ஓய்வு பெற்ற பெற்றோருக்கு நல்ல கேமரா ஒன்று வாங்கித் தரவேண்டும் என்று ஆசைப்படும் பிள்ளைகள் முதலில் பார்ப்பது மெகாபிக்சல். அடுத்து யூடியூப் விமர்சனம். இரண்டிலும் அப்பாவின் வயது வருவதில்லை. விமர்சனம் செய்கிறவர் பெரும்பாலும் முப்பது வயதுக்காரர். அவர் மணிக்கட்டுக்கு இரண்டு கிலோ ஒரு பொருட்டில்லை, பொடி எழுத்துகளைப் படிக்க அவருக்குக் கண்ணாடி தேவையில்லை. கேமரா போய்ச் சேரப்போவதோ அறுபத்தைந்து வயதுக் கைக்கும் வெள்ளெழுத்துக் கண்ணுக்கும். அந்தக் கையிலிருந்தும் கண்ணிலிருந்தும் தேர்வைத் தொடங்கினால், பெட்டியில் அச்சடித்திருக்கும் எண்களில் பாதி தேவையில்லாமல் போய்விடும். மீதிப் பாதிக்குப் பின்னால் இருக்கும் இயற்பியல், கேமராவைவிடச் சுவையானது.

நான் பார்த்த வரையில், பொழுதுபோக்காகப் படமெடுக்கும் நம்மூர்ப் பெரியவர்களின் ஆர்வம் பெரும்பாலும் இரண்டு திசையில் போகிறது. அப்பாவுக்குப் பறவைகள்: வேடந்தாங்கல், பள்ளிக்கரணை, வீட்டுக்குப் பின்னால் முருங்கையில் வந்து உட்காரும் மீன்கொத்தி. அம்மாவுக்குக் கோயில் சிற்பம், மாடித் தோட்டத்துப் பூ, பேரப்பிள்ளைகள். சில வீடுகளில் இது அப்படியே மாறியும் இருக்கும். எப்படியானாலும் இரண்டு ஆர்வங்களும் கேமராவிடம் கேட்பது நேர்எதிரான இரண்டு பொருள்களை. ஒன்று தூரம், மற்றது இருட்டு.

முதலில் கண். 20 வயதில் 10 செ.மீ. அருகே பிடித்த எழுத்தையும் படித்துவிடலாம். கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் அப்போது இளகியது. தேவைக்கேற்ப உப்பவும் தட்டையாகவும் அதற்குத் தெரியும். ஆண்டுக்கு ஆண்டு அது இறுகிக்கொண்டே போகிறது. வேறு குறை ஏதும் இல்லாத கண்ணிலும்கூட, 60 வயதில் கண்ணாடி போடாமல் தெளிவாகத் தெரியும் மிகக் குறைந்த தொலைவு ஏறத்தாழ ஒரு மீட்டர். செல்போனைக் கையை நீட்டிப் பிடித்துப் படமெடுக்கும் பெரியவர்களைப் பார்த்திருப்பீர்கள். கை முழுதாக நீண்டாலும் ஒரு மீட்டர் வராது. கேமராவின் முதுகில் இருக்கும் திரைக்கும் இதே கதிதான். ஃபோகஸ் சரியாக விழுந்ததா என்று பார்ப்பதற்கே மூக்குக்கண்ணாடியைத் தேட வேண்டியிருக்கிறது. அதற்குள் மீன்கொத்தி பறந்துவிடும்.

வியூஃபைண்டர் என்னும் சிறிய சாளரம் இந்தச் சிக்கலை அழகாகத் தீர்த்துவிடுகிறது. அதற்குள் இருக்கும் திரை கட்டைவிரல் நகத்தைவிடச் சிறியது. கண்ணிலிருந்து ஓரிரு விரற்கடை தூரத்தில் இருக்கிறது. ஆனால் நடுவில் இருக்கும் லென்ஸ்கள் அந்தப் படத்தைக் கண்ணுக்கு ஏறத்தாழ ஒரு மீட்டருக்கு அப்பால் இருப்பதுபோல் காட்டுகின்றன. வயதான கண் எந்தத் தொலைவில் சிரமப்படாமல் நிலைக்குமோ, ஏறக்குறைய அதே தொலைவு. பெரியவர்களுக்கு வாங்கும் கேமராவில் வியூஃபைண்டர் இல்லையென்றால், மற்றதெல்லாம் எவ்வளவு சிறப்பாக இருந்தாலும் அதை ஒதுக்கிவிடுங்கள். சிறியதாகவும் மலிவாகவும் இருக்கவேண்டும் என்பதற்காக இந்தச் சாளரத்தை வெட்டிவிட்ட மாடல்கள் கடைகளில் நிறைய இருக்கின்றன.

அந்தச் சாளரத்தின் பக்கத்தில் பல் வைத்த ஒரு குட்டிச் சக்கரம் இருக்கும். சில கேமராக்களில் அது ரப்பருக்கு அடியில் ஒளிந்திருக்கும். டயாப்டர் சக்கரம் என்பார்கள். கேமரா வாங்கி வருடக்கணக்கில் ஆகியும் அதைத் தொடாதவர்கள் உண்டு. அதைத் திருப்பும்போது எதிரே இருக்கும் மரத்தையோ ஆளையோ பார்க்கக்கூடாது. சாளரத்துக்குள் ஓரமாக மின்னும் எண்களைப் பார்க்கவேண்டும். எண்களின் விளிம்பு பிசிறில்லாமல் நிற்கும் இடத்தில் சக்கரத்தை விட்டுவிட வேண்டியதுதான். எளிய கிட்டப்பார்வையோ தூரப்பார்வையோ என்றால் கண்ணாடியைக் கழற்றிவிட்டே படமெடுக்கலாம். கண்புரை அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு இன்னொரு குறிப்பும் உண்டு. கண்ணுக்குள் வைத்த செயற்கை லென்ஸ் வழக்கமாக ஒரே தொலைவுக்கு நிலைத்தது. எனவே சிகிச்சைக்குப் பின் சக்கரத்தை மறுபடி திருப்பியாக வேண்டும். ஒரு கண்ணுக்கு மட்டும் ஆகியிருந்தால், சாளரத்தில் அந்தக் கண்ணை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பழுத்த லென்ஸ் நீலத்தை விழுங்கி மஞ்சளைக் கூட்டிக் காட்டும். புதிய லென்ஸில் நிறம் தெளிவாகத் தெரியும். இடது கண்ணால் பார்ப்பவர் என்றால் மூக்கு நுனி பின்திரையில் பட்டு ஃபோகஸ் புள்ளி எங்கேயாவது ஓடிவிடும் வாய்ப்பு உண்டு; தொடுதிரையை அணைத்து வைப்பது நல்லது.

கண்ணுக்கு வயதாவதில் இன்னொரு பகுதி, நமக்கே தெரியாமல் நடப்பது. கண்மணி சுருங்குகிறது, லென்ஸ் மங்குகிறது. 20 வயதில் விழித்திரையைச் சென்றடைந்த ஒளியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் 60 வயதில் சென்றடைகிறது. பழைய எஸ்எல்ஆர் வகைக் கேமராவில், லென்ஸ் வழியே வரும் ஒளியை ஒரு கண்ணாடி மேலே திருப்பிவிட, நாம் பார்ப்பது அந்த ஒளியையேதான். இருட்டு மண்டபத்தில் அதுவும் இருட்டுத்தான். 2008-இல் பானசோனிக் ஜி1 தொடங்கிவைத்த கண்ணாடியில்லாக் கேமராக்களில், அதாவது மிரர்லெஸ் வகையில், சென்சார் பார்ப்பதை மின்திரை வெளிச்சமாக்கித் தருகிறது. கண்ணுக்கே தெரியாத தூண் சிற்பம் சாளரத்துக்குள் தெரிகிறது. படம் எவ்வளவு வெளிச்சமாக வரப்போகிறது என்பதும் எடுப்பதற்கு முன்பே தெரிந்துவிடுகிறது. பழைய எஸ்எல்ஆர்களை நான் குறைசொல்ல மாட்டேன். ஒரு சார்ஜில் ஆயிரம் படம் வரை தாங்கும் அவற்றின் பேட்டரிக்கு முன்னால் முந்நூறு, நானூறில் களைத்துவிடும் மிரர்லெஸ் நிற்க முடியாது. ஆனாலும் பெற்றோருக்கு என்றால் மிரர்லெஸ்தான் என் தேர்வு. கூடவே ஒரு பேட்டரி வாங்கிவிட்டால் போயிற்று.

இனி இருட்டு. நடுப்பகல் வெயிலில் ஒளியின் அளவு ஏறத்தாழ 1,00,000 லக்ஸ். இரவில் டியூப்லைட் எரியும் கூடத்தில் 100 லக்ஸ் இருந்தாலே அதிகம். ஆயிரத்தில் ஒரு பங்கு. வாசலில் வெயிலில் நின்றுவிட்டு உள்ளே வந்தால், கொஞ்ச நேரத்தில் கண் பழகிக்கொண்டு 'நல்ல வெளிச்சம்தானே' என்று நம்மை ஏமாற்றிவிடுகிறது. கேமராவை அப்படி ஏமாற்ற முடியாது.

ஒளி ஃபோட்டான் என்னும் துகள்களாக வருகிறது. அவை சீராக வருவதில்லை. ஒரே வெளிச்சத்தில், ஒரே அளவு நேரம் திறந்து வைத்த பக்கத்துப் பக்கத்து பிக்சல்களில்கூட எண்ணிக்கை சற்றே கூடக்குறைய இருக்கும். இந்த ஏற்றஇறக்கம், விழுந்த எண்ணிக்கையின் வர்க்கமூலம் அளவுக்கு வரும். 10,000 ஃபோட்டான் விழும் இடத்தில் ஏற்றஇறக்கம் 100, அதாவது ஒரு சதவீதம், கண்ணுக்குத் தெரியாது. வெறும் 100 விழும் இடத்தில் ஏற்றஇறக்கம் 10, அதாவது பத்து சதவீதம். பேத்தியின் கன்னத்தில் மணல் தூவியதுபோல் புள்ளிபுள்ளியாகத் தெரிவது இதுதான். சென்சாரின் குறை என்று பலரும் திட்டுவது பெரும்பாலும் ஒளியின் சொந்த இயல்பு. ஐஎஸ்ஓ எண்ணை ஏற்றினால் ஒளி கூடாது. இருக்கும் கொஞ்சநஞ்ச ஒளி பெருக்கிக் காட்டப்படும், மணலும் சேர்ந்து தெரியும். ஆகவே புள்ளிகளைக் குறைக்க வழி ஒன்றுதான்: நிறைய ஃபோட்டான் பிடிக்கவேண்டும்.

அதற்கு, ஷட்டரை நிறைய நேரம் திறந்து வைக்கலாம். சிற்பத்துக்கு அது சரி, அது நகராது. மூன்று வயதுப் பேரன் கூடத்துக்குள் ஓடுகிறான், வினாடிக்கு மூன்று மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஷட்டர் வினாடியில் 60-இல் ஒரு பங்கு நேரம் திறந்திருந்தால், அதற்குள் அவன் ஐந்து சென்டிமீட்டர் நகர்ந்துவிடுவான், முகம் கலைந்துவிடும். 500-இல் ஒரு பங்கு என்றால் 6 மி.மீ.தான் நகர்வான், முகம் முகமாக இருக்கும். ஆனால் ஒளி எட்டில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். செல்போன் இந்த இடத்தில்தான் தடுமாறுகிறது. அடுத்தடுத்துப் பல படங்களை எடுத்து, ஒன்றன்மேல் ஒன்று அடுக்கி, இருட்டை வெளிச்சமாக்குவது அதன் வித்தை. அசையாத கொலுவுக்கு அது அற்புதமாகப் பலிக்கும். ஓடும் பையனிடம் பலிக்காது, கையும் காலும் மெழுகாகிவிடும்.

மிஞ்சுவது லென்ஸின் வாய். புகைப்படக் கலை பிறந்த 1839-இலேயே இந்தச் சிக்கலும் பிறந்துவிட்டது. அந்தக் கலையைத் தொடங்கிவைத்த தாகேரின் கேமராவில் இருந்த லென்ஸின் துளை மிகச் சிறியது. இன்றைய கணக்கில் ஏறத்தாழ எஃப் 16. அதன் முன்னால் மனிதர்கள் நிமிடக்கணக்கில் சிலையாக உட்கார வேண்டியிருந்தது. அடுத்த ஆண்டே வியன்னாவில் ஜோசப் பெட்ஸ்வால் என்ற கணிதப் பேராசிரியர் அதைத் தீர்த்தார். அவர் கண்ணாடியைத் தேய்த்துத் தேய்த்துச் சோதித்துப் பார்க்கவில்லை. ஒளிக்கதிர்கள் எங்கே போய் விழும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டார். அவ்வளவு கணக்கை ஒருவர் கையால் போட முடியாது என்பதால், ஆஸ்திரிய இளவரசர் லூட்விக் பீரங்கிப் படையிலிருந்து கணக்குத் தெரிந்த வீரர்களை உதவிக்கு அனுப்பினார். குண்டு எங்கே விழும் என்று கணக்கிட்டவர்கள் ஒளி எங்கே விழும் என்று கணக்கிட்டார்கள். பிறந்தது எஃப் 3.6 லென்ஸ். பழையதைவிட ஏறத்தாழ 20 மடங்கு ஒளியை அது உள்ளே விட்டது. ஃபோய்க்ட்லாண்டர் நிறுவனம் அதைச் செய்து விற்றது. முகங்களைப் படமெடுப்பது ஒரு தொழிலானது.

எஃப் எண் என்பது ஒரு வகுத்தல் கணக்குதான். லென்ஸின் குவியத்தூரத்தைத் துளையின் அகலத்தால் வகுத்தால் வருவது. 50 மி.மீ. லென்ஸில் எஃப் 1.8 என்றால் துளையின் அகலம் ஏறத்தாழ 28 மி.மீ. எண் சிறிதாக ஆக, வாய் பெரிதாகிறது. கேமராவோடு பெட்டியிலேயே வரும் 18-55 ஜூம் லென்ஸை முழுக்க நீட்டினால் பொதுவாக எஃப் 5.6. அதைவிட எஃப் 1.8 லென்ஸ் பத்து மடங்கு அளவுக்கு ஒளியை சென்சாருக்கு அனுப்புகிறது. டியூப்லைட் கூடத்தில் பேரனை உறைய வைக்கத் தேவைப்படும் அந்த எட்டு மடங்கு இங்கேதான் கிடைக்கிறது. விலை உயர்ந்த புதிய கேமரா எதுவும் பழைய கேமராவைவிடப் பத்து மடங்கு முன்னேற்றம் தருவதில்லை; ஒரு சின்ன லென்ஸ் தருகிறது. கேனான் ஆர்எஃப் 50 எஃப் 1.8 லென்ஸின் எடை 160 கிராம். அம்மாவுக்கு நான் சொல்வது அதற்குப் பக்கத்தில் இருக்கும் 35 மி.மீ. எஃப் 1.8 மேக்ரோவை: 305 கிராம், கைநடுக்கத்தைத் தாங்கும் வசதி உள்ளேயே இருக்கிறது, செம்பருத்தியின் மகரந்தத்தூள் வரை நெருங்கலாம். தாராசுரத்துத் தூண்களில் விரல் நீளத்துக்குச் செதுக்கிய நாட்டியப் பெண்களுக்கு இதைவிடத் தோதான லென்ஸ் எனக்குத் தெரியாது. ஜூம் இல்லையே என்று அம்மா கேட்டால், காலால் நடந்து போவதுதான் ஜூம். வேறு நிறுவனக் கேமரா என்றாலும் இதே வகை லென்ஸ் அங்கேயும் உண்டு.

முகம் எடுக்கும்போது காலால் நடப்பதில் ஒரு நுட்பமும் இருக்கிறது. செல்போனில் முகத்தருகே போய் எடுத்தால் மூக்கு பெருத்து, காது பின்னால் போய்விடும். குற்றவாளி லென்ஸ் என்று நினைப்போம். உண்மையில் தூரம்தான் காரணம். முப்பது சென்டிமீட்டரில் நின்றால் காதைவிட மூக்கு வெகுவாக நெருங்கி இருக்கும். இரண்டு மீட்டர் தள்ளி நின்றால் அந்த வேறுபாடு அற்பமாகிவிடும். அவ்வளவு தள்ளி நின்றும் முகம் சட்டத்தை நிறைக்க வேண்டும் என்பதற்காகத்தான் நீண்ட லென்ஸ் தேவைப்படுகிறது.

அப்பாவின் பறவைகளுக்கு வருவோம். வேடந்தாங்கல் ஏரிக்கரையில் நின்றால் கூழைக்கடாவும் நத்தைக்குத்தி நாரையும் தண்ணீருக்கு நடுவே நிற்கும் மரங்களில் கூடுகட்டி இருக்கும். கரைக்கும் மரத்துக்கும் நடுவில் இருக்கும் தண்ணீரை லென்ஸ்தான் தாண்டவேண்டும். அங்கே வரும் இளைஞர்கள் முக்காலியில் பெரிய வெள்ளை லென்ஸ்களை நிறுத்தியிருப்பார்கள். அவற்றைப் பார்த்துத்தான் அப்பாவுக்கு ஆசை வரும், ஆனால் அங்கேதான் கவனமாக இருக்கவேண்டும்.

பறவையிலிருந்து வரும் ஒளியில் எவ்வளவு பிடிபடும் என்பதை முடிவுசெய்வது முன்வாயின் அகலம். சோனியின் 200-600 லென்ஸ், முழு நீளத்தில் எஃப் 6.3. வகுத்துப் பாருங்கள்: துளை 95 மி.மீ. கேனான் ஆர்எஃப் 100-400 லென்ஸ், முழு நீளத்தில் எஃப் 8. துளை 50 மி.மீ. பரப்பளவில் முதலாவது 3.6 மடங்கு பெரியது. அவ்வளவு மடங்கு ஒளியைப் பிடிக்கும். இனி எடை. முதலாவது 2,115 கிராம், இரண்டாவது 635 கிராம். 3.3 மடங்கு. ஒளியைக் கிராம் கணக்கில் விலைகொடுத்து வாங்குகிறோம். இதில் தள்ளுபடி எந்தப் பிராண்டிலும் கிடையாது. கேமராவையும் சேர்த்தால் பெரிய லென்ஸ் இரண்டே முக்கால் கிலோவாகிவிடும். அதைத் தோளுக்கு மேல் தூக்கி, நாரை இறங்கும் வரை பிடித்துக்கொண்டு நிற்கவேண்டும். கேனான் ஆர்10 போன்ற 429 கிராம் கேமராவோடு சின்ன லென்ஸைச் சேர்த்தால் மொத்தம் ஒரு கிலோவைச் சற்றே தாண்டும். மூன்றாவது வாரமும் வீட்டைவிட்டு வெளியே போகும் கேமரா இதுவாகத்தான் இருக்கும்.

சின்ன சென்சார் கேமராக்கள் இங்கே கைகொடுக்கின்றன. ஃபுல் ஃபிரேம் என்பது 36-க்கு 24 மி.மீ.; ஜெர்மனியில் ஆஸ்கர் பார்னாக் சினிமா ஃபிலிமைக் குறுக்கே போட்டு லைக்கா கேமராவை உருவாக்கியபோது வகுத்த அளவு, 1925-இல் விற்பனைக்கு வந்தது. நூறு ஆண்டுகளாக அதுவே அளவுகோல். ஏபிஎஸ்-சி சென்சாருக்கு அதன் பரப்பில் பாதிக்கும் குறைவு. மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸுக்குக் கால்வாசி அளவு. கேனான் ஏபிஎஸ்-சியில் பொருத்திய 400 மி.மீ. லென்ஸ், ஃபுல் ஃபிரேமில் 640 மி.மீ. லென்ஸ் காட்டும் அளவுக்குப் பறவையை நெருக்கிக் காட்டும். மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸில் வெறும் 300 மி.மீ. போதும், 600-க்குச் சமம். பானசோனிக்கின் 100-300 லென்ஸ் அரை கிலோவைச் சற்றே தாண்டுகிறது. ஃபுல் ஃபிரேம்தான் 'உண்மையான' கேமரா என்று கடைக்காரர் சொன்னால் சிரித்துவிட்டு நகரலாம்.

ஆனால் நெருக்கிக் காட்டும் எதுவும் நடுக்கத்தையும் பெருக்கிக் காட்டும். தொரட்டிக் கழியால் உச்சிக்கிளை மாங்காயைப் பறித்தவர்களுக்கு இது தெரியும். அடியில் கை ஒரு நூலளவு ஆடினால் நுனி ஒரு சாண் ஆடும். எண்ணில் சொன்னால், ஷட்டர் திறந்திருக்கையில் கை ஒரு பாகையில் பத்தில் ஒரு பங்கு திரும்பினாலே, 50 மி.மீ. லென்ஸில் படம் சுமார் 24 பிக்சல் இழுபடும், 400 மி.மீ. லென்ஸில் 190 பிக்சல். எந்த வயதிலும் மனிதக் கை வினாடிக்கு எட்டிலிருந்து பன்னிரண்டு முறை மெல்ல நடுங்கிக்கொண்டேதான் இருக்கிறது. வயதானால் அது கொஞ்சம் கூடலாம், அவ்வளவுதான் வேறுபாடு.

இதற்கு எதிராகக் கேமராவுக்குள் வேலை செய்யும் கருவி வியப்பானது. நுண்ணிய சிலிக்கன் துண்டு ஒன்று ஓயாமல் அதிர்ந்துகொண்டே இருக்கிறது. கேமரா திரும்பினால் அந்த அதிர்வு பக்கவாட்டில் சற்றே விலகும். புயல் சின்னங்களைச் சுழல வைக்கும் அதே கொரியாலிஸ் விளைவுதான். விலகலை அளந்து, எதிர்த்திசையில் ஒரு லென்ஸ் துண்டையோ சென்சாரையோ காந்தங்கள் நகர்த்துகின்றன. கழற்றி மாற்றும் எஸ்எல்ஆர் லென்ஸில் இதை முதலில் 1995-இல் கேனான் வைத்தது. சென்சாரை ஐந்து வகை அசைவுக்கும் ஈடுகொடுக்க வைத்தது 2012-இல் ஒலிம்பஸ். இப்படிப்பட்ட சில கேமராக்களை அணைத்த நிலையில் லேசாக ஆட்டிப் பாருங்கள், உள்ளே ஏதோ கழன்றதுபோல் 'லொட்' என்று கேட்கும். காந்தப் பிடியிலிருந்து விடுபட்ட சென்சார் அது, பழுதில்லை. புதுக் கேமரா உடைந்துவிட்டது என்று அப்பா போன் செய்வதற்கு முன் சொல்லிவிடுங்கள். இந்த நுட்பம் எந்த அளவுக்குப் போயிருக்கிறது தெரியுமா? 2016-இல் ஒலிம்பஸ் பொறியாளர் ஒருவர், இதற்குமேல் முன்னேற இடைஞ்சலாக இருப்பது பூமியின் சுழற்சி என்றார். மணிக்கு 15 பாகை சுழலும் பூமியின் அசைவையும் கையின் அசைவு என்று எடுத்துக்கொண்டு கருவி திருத்தப் பார்க்கிறதாம். அந்த எல்லையைத் தாண்டிவிட்டதாக அறிவிக்கும் கேமராக்கள் பின்னர் வந்தன.

ஒன்றை மட்டும் மறக்கக்கூடாது. இந்தக் கருவி நம் கையைத்தான் நிறுத்தும், பறவையை நிறுத்தாது. சிறகடிக்கும் தேன்சிட்டுக்கு ஷட்டர் வேகம்தான் வழி.

லென்ஸ் மாற்றும் தொல்லையே வேண்டாம் என்று நினைக்கும் அப்பாக்கள் உண்டு. நிக்கான் பி1000 போன்ற ஒட்டுமொத்தக் கேமராக்கள் அவர்களுக்காகவே வந்தன. 2018-இல் வந்த இதன் ஜூம் நிலாவின் பள்ளங்களைச் சட்டம் நிறையக் காட்டும். விமர்சகர்கள் இதைக் கிண்டல் செய்வார்கள், நான் செய்யமாட்டேன். முழு நீளத்தில் இதன் துளை 67 மி.மீ., மேலே சொன்ன 50 மி.மீ.யைவிடப் பெரியது. எட்டாத கிளையில் அசையாமல் உட்கார்ந்திருக்கும் பறவைக்கு, நல்ல வெயிலில், இது நேர்மையாக உழைக்கும். ஆனால் அகலக் கோணத்துக்குத் திரும்பியதும் அதே லென்ஸின் துளை ஒன்றரை மில்லிமீட்டராகச் சுருங்கிவிடும். மண்டபத்தில் அம்மாவுக்கு இது உதவாது. பறக்கும் பறவையைத் துரத்தும் வேகமும் இதன் ஃபோகஸுக்கு இல்லை. எடை கிட்டத்தட்ட ஒன்றரை கிலோ.

ஃபோகஸ் வேகத்தில் மிரர்லெஸ் கேமராக்கள் கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் செய்திருப்பதைப் பழைய ஆட்கள் நம்பமாட்டார்கள். 2013-இல் கேனான் ஒவ்வொரு பிக்சலையும் இரண்டாகப் பிளந்தது. ஒரு பாதி லென்ஸின் இடப்பக்கம் வழியாக வரும் ஒளியையும் மறுபாதி வலப்பக்கம் வழியாக வருவதையும் பார்க்கிறது. ஃபோகஸ் சரியாக இருந்தால் இரண்டு படமும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தும். இல்லையென்றால் விலகி நிற்கும். எந்தப் பக்கம், எவ்வளவு விலகல் என்பதிலிருந்து லென்ஸ் எவ்வளவு நகரவேண்டும் என்று தெரிந்துவிடும். அதன்மேல் 2020, 2021 வாக்கில் பறவையையும் அதன் கண்ணையும் அடையாளம் காணப் பயிற்றுவித்த மென்பொருள் வந்து சேர்ந்தது. இலைகளுக்கு நடுவே மரங்கொத்தியின் கண்ணில் ஒரு சின்னச் சதுரம் ஒட்டிக்கொண்டு கூடவே போகும். விரலும் கண்ணும் முன்புபோல் வேகமாக இயங்காதவர்களுக்கு இதைவிடப் பெரிய உதவி இல்லை. மெகாபிக்சலில் மிச்சம் பிடித்து, 'பறவைக் கண்' வசதி இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். 24 மெகாபிக்சல் எதேஷ்டம். சுவரில் மாட்ட 20-க்கு 13 அங்குலம் வரை அச்சுத் தரம் குறையாமல் வரும். மற்றபடி எல்லாப் படமும் வாட்ஸ்அப் குடும்பக் குழுவில் சுருங்கப்போகிறது.

வெயில் நேரத்து ஏரியைப் பற்றியும் அப்பாவிடம் சொல்லி வையுங்கள். பதினொரு மணிக்கு மேல் சூடேறிய காற்று தண்ணீருக்கு மேல் நெளியும். எந்த லென்ஸும் அதை நேராக்காது. காற்று அசையாத விடியலிலோ ஒளி குறைவு. பறவைப் படக்காரர்களின் பாதி வாழ்க்கை இந்த இரண்டுக்கும் நடுவில் கிடைக்கும் ஒன்றிரண்டு மணி நேரத்தில்தான் ஓடுகிறது.

அப்பா இளமையில் எஸ்எல்ஆர் வைத்திருந்தவரா? 1960-இல் உதகையில் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தயாரித்த 'இந்து' சுருளில் கறுப்பு வெள்ளைப் படம் எடுத்த தலைமுறையா? அப்படியென்றால் பரணில் பழைய லென்ஸ் ஒன்று இருக்கலாம். மிரர்லெஸ்ஸில் கண்ணாடி போய்விட்டதால், லென்ஸ் சென்சாருக்கு மிக அருகில் வந்துவிட்டது. பழைய நிக்கான் எஸ்எல்ஆரில் லென்ஸ் விளிம்புக்கும் ஃபிலிமுக்கும் இடையே 46.5 மி.மீ.; புதிய இசட் வரிசையில் 16 மி.மீ. நடுவில் கிடைக்கும் 30 மி.மீ. இடைவெளியில் ஒரு வெற்று உலோக வளையத்தை வைத்தால் பழைய லென்ஸ் அப்படியே வேலை செய்யும். ஃபோகஸை மட்டும் கையால் திருப்பவேண்டும். அப்பாவுக்கு அது பிடிக்கவும் செய்யும்.

அப்படி எடுத்த பழைய லென்ஸை ஒரு டார்ச் ஒளியில் குறுக்காகப் பாருங்கள். சிலந்தி வலைபோல் கிளைவிட்டிருந்தால் அது பூஞ்சை. கண்ணாடியின் மேல் பூசிய மென்படலத்தை அது அரித்துவிடும். அந்தப் படலத்தின் அருமை தெரிய ஒரு கணக்கு: பூச்சில்லாத கண்ணாடி, ஒவ்வொரு பரப்பிலும் 4 சதவீதம் ஒளியைத் திருப்பி அனுப்பிவிடும். பத்துக் கண்ணாடித் துண்டு, இருபது பரப்பு உள்ள லென்ஸில் கடைசியில் 44 சதவீதம்தான் மிஞ்சும். திரும்பிய ஒளி உள்ளேயே அலைந்து படத்தை வெளிறச் செய்யும். மருந்து தற்செயலாகத் தெரியவந்தது. காலப்போக்கில் கறை படிந்து மங்கிய லென்ஸ்கள் புதியவற்றைவிட அதிக ஒளியை விடுகின்றன என்பதை இங்கிலாந்தில் டென்னிஸ் டெய்லர் 1890-களில் கவனித்தார். 1935-இல் ஜெர்மனியில் சைஸ் நிறுவனத்தின் ஸ்மாகுலா, வெற்றிடத்தில் ஆவியாக்கி அந்தப் படலத்தைத் திட்டமிட்டே பூசினார். ஒளி அலைநீளத்தில் கால்வாசிக்குச் சமமான தடிமன், அதாவது ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. படலத்தின் மேலும் கீழும் திரும்பும் இரண்டு அலைகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. அழிந்த ஒளி உள்ளே போகிறது. லென்ஸ் முகத்தில் ஊதா, பச்சையாக மினுங்குவது அதுதான்.

வாங்கும் காரியம். வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்தால் உத்தரவாதம் இங்கே செல்லுமா என்று முதலில் விசாரியுங்கள்; ஜப்பான் உள்நாட்டுச் சந்தைக்கான சில மாடல்களில் மெனு ஜப்பானிய மொழியில் மட்டுமே இருக்கும். முடிந்தால் அப்பா அம்மாவைக் கடைக்கே அழைத்துப் போங்கள். லென்ஸ் பொருத்திய கேமராவைக் கண்ணருகே வைத்துப் பத்து நிமிடம் பிடிக்கச் சொல்லுங்கள். கடைக்காரர் முறைத்தாலும் பரவாயில்லை. பட்ஜெட்டில் பாதிக்கு மேல் லென்ஸுக்கு ஒதுக்குங்கள். கேமரா ஐந்தாறு வருடத்தில் பழசாகிவிடும், லென்ஸ் இருபது வருடம் இருக்கும். அடுக்கி வைத்தாற்போல் சொல்வதானால், என் தீர்ப்பு ஒரு லேசான ஏபிஎஸ்-சி மிரர்லெஸ், அப்பாவுக்கு 100-400, அம்மாவுக்கு 35 எஃப் 1.8. ஒரே கேமராவுக்கு இருவரும் சண்டை போடுவார்கள் என்றால், இன்னொரு கேமராவை மட்டும் பழையதாக வாங்கிவிடலாம்.

வாங்கிக் கொடுத்த பிறகு, வைக்கும் இடத்தையும் நீங்களே ஏற்பாடு செய்துவிடுங்கள். கடலோர ஊர்களின் ஈரப்பதத்தில் தோல் பைக்குள் பூட்டிய லென்ஸ் ஒரு மழைக்காலத்தைத் தாங்காது. காற்றுப்புகாத பிளாஸ்டிக் டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல், நிறம் மாறியதும் சூடாக்கிக் காயவைத்து மறுபடி போட்டால் போதும். பட்டுப்புடவை பீரோவில் மட்டும் வைக்கவிடாதீர்கள்: அந்துருண்டையும் கற்பூரமும் இருக்கும் இடத்தில் கேமராவை வைக்கக்கூடாது என்று கேமராவோடு வரும் கையேடுகளிலேயே அச்சிட்டிருக்கிறது.